தராசடிக் கணினிக்கு எந்த மொழி?

கேள்வி: பரந்தனுக்குக் கிட்ட ஒரு அரிசி ஆலையில் கணக்கு வேலை பார்க்கிறேன். நெல் கொள்வனவுக்கு ஒரு மென்பொருள் எழுதித் தருவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டேன். தராசடியில் இருப்பது 2 ஜிபி நினைவகம் உள்ள 32 பிட் விண்டோஸ் 7. அலுவலகத்தில் விண்டோஸ் 10. என் மடிக்கணினியில் உபுண்டு. முதலாளியின் மகனிடம் மேக். கொழும்பில் இருந்தே கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறார். பற்றுச்சீட்டு தமிழில் வர வேண்டும், வெளி லொறிக்காரருக்குச் சிங்களத்தில். சாதாரண தரத்தில் பஸ்கால் படித்தேன், உயர்தரத்தில் பைதன். நண்பர்கள் எலக்ட்ரோன் என்கிறார்கள், வவுனியாவில் படிப்பித்த சேர் சி ஷார்ப் என்கிறார், யூடியூப்பில் எல்லாரும் ஃபிளட்டர் என்கிறார்கள். காலபோக அறுவடை முடியும் வரை புதுக் கணினி இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். பிறகு மற்ற ஆலைகளுக்கும் விற்க ஆசை. எதில் தொடங்கலாம்?

பதில்: லாசரஸில் தொடங்குங்கள். ஃப்ரீ பஸ்கால் மொழி, அதன் மேல் லாசரஸ் என்ற வடிவமைப்புக் கருவி. தராசடிக் கணினியை மாற்ற முதலாளி சம்மதித்திருந்தால் பைதனும், திரை வரையும் நூலகமான கியூட்டும் என்று சொல்லியிருப்போம். அவர் சம்மதிக்கவில்லை. அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதத்தில் மொழியைத் தீர்மானிக்கிறது. மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஏன் என்று பார்ப்போம். எலக்ட்ரோன் ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் ஒரு முழுக் குரோமியம் உலாவியை வைத்துக் கட்டுகிறது. 2 ஜிபியில் விண்டோஸும் வைரஸ் தடுப்பும் எடுத்தது போக மிஞ்சுவதில் அது மூச்சுத் திணறும். அதைவிடப் பெரிய தடை, 2023 பெப்ரவரியில் வந்த 23 ஆம் பதிப்போடு எலக்ட்ரோன் விண்டோஸ் 7 ஐக் கைவிட்டுவிட்டது. 22 இல் நின்றால் ஓடும், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராத உலாவி ஒன்றை மற்ற ஆலைகளுக்கும் விற்பதாக முடியும். கூகுளின் திரைக் கருவியான ஃபிளட்டர் விண்டோஸில் 64 பிட்டுக்கு மட்டும்தான் கட்டும். உங்கள் தராசடிக்கு அதில் வழியே இல்லை. அதோடு விண்டோஸில் ஃபிளட்டர் எழுத விசுவல் ஸ்டூடியோவின் சி பிளஸ் பிளஸ் பகுதியும் வேண்டும். அது பல ஜிபி. போன் டேட்டாவில் இறக்குகிறவர் அதையும் செலவுக் கணக்கில் போட வேண்டும்.

உங்கள் சேர் சொன்ன சி ஷார்ப் நல்ல மொழி. ஆனால் வகுப்பில் காட்டும் திரைக் கருவிகளான வின்ஃபோர்ம்ஸ், டபிள்யூபிஎஃப் இரண்டும் விண்டோஸுக்கு மட்டுமே. மைக்ரோசொஃப்டின் புதிய திரைக் கருவியான மாவி லினக்ஸை அதிகாரபூர்வமாகத் தொடுவதில்லை. மூன்று இயங்குதளத்திலும் சி ஷார்ப் ஓட வேண்டுமென்றால் அவலோனியா இருக்கிறது, அது தரமானது. ஆனால் சி ஷார்ப் ஓடத் தேவையான டொட்நெட்டின் புதிய பதிப்புகள் விண்டோஸ் 7 ஐ ஏற்பதில்லை. டௌரி என்ற பெயரையும் கேள்விப்படுவீர்கள். சிறிய கோப்பாக வரும், கணினியில் ஏற்கனவே உள்ள உலாவிப் பகுதியைப் பாவிக்கும். விண்டோஸ் 7 இல் அந்தப் பகுதி 109 ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ரஸ்ட் மொழியும் படிக்க வேண்டும். அறுவடைக்கு முன் முடிக்க வேண்டியவருக்கு அது சரிவராது.

பைதன்தான் உங்களுக்குக் கைவந்த மொழி என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7 இல் ஓடும் கடைசிப் பைதன் 3.8. கியூட் 6, 2020 டிசம்பரில் வந்தபோதே விண்டோஸ் 7 ஐ விட்டுவிட்டது. கியூட்டைப் பைதனில் பாவிக்க உதவும் பைசைட் 6 க்கு 32 பிட் விண்டோஸ் பொதியும் இல்லை. ஆகவே தராசடியில் பைதன் 3.8 உம் பைசைட் 2 உம், உங்கள் உபுண்டுவில் பைசைட் 6 உம் என்று இரண்டு உலகத்தில் வாழ வேண்டி வரும். கியூட்பை என்ற இடைப்பொதி இந்த வித்தியாசத்தை ஓரளவு மறைக்கும். என்றாலும் 3.8 க்குப் பிறகு மொழியில் வந்த எதையும் எழுத முடியாது, ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு இடத்தில் சோதிக்க வேண்டும். முடியாத காரியம் இல்லை. தனியாளாகச் செய்கிறவருக்குத் தேவையில்லாத சுமை.

பைதனோடு தானாக வரும் திரைக் கருவியான டிகேஇண்டர் போதாதா என்று கேட்பீர்கள். விண்டோஸில் அது தமிழைச் சரியாகக் காட்டும், ஏனென்றால் எழுத்தை அடுக்கும் வேலையை விண்டோஸே செய்கிறது. லினக்ஸில் அதன் அடித்தளமான டிகே 8.6 எழுத்துகளை ஒவ்வொன்றாக வரிசையில் வைத்துவிட்டுப் போகும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் விழும். ‘நெல்’ என்ற சொல்லே பிழையாகத் தெரியும் நெல் மென்பொருளை யாரும் வாங்க மாட்டார்கள்.

இனி லாசரஸ். இது விண்டோஸின் சொந்தப் பொத்தான்களையும் பெட்டிகளையும் நேரே பாவிக்கிறது, லினக்ஸில் ஜிடிகே 2 அல்லது கியூட் 5 என்ற திரை நூலகத்தை. அதனால் தமிழ் அடுக்கும் வேலை எல்லா இடத்திலும் இயங்குதளத்திடமே போகிறது. கிடைப்பது ஒரே ஒரு இயக்கக் கோப்பு. பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டால் ஓடும். அது ஓடுவதற்கென்று வேறு மொழிச் சூழல் எதையும் நிறுவத் தேவையில்லை. முதல் தடவை கட்டும்போது வெற்றுச் சாளரம் ஒன்றே 20 மெகாபைட்டைத் தாண்டுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது பிழைதேடும் தகவல். வெளியீட்டு முறையில் அதை நீக்கிக் கட்டினால் ஒற்றை இலக்க மெகாபைட்டுக்கு இறங்கிவிடும்.

அலுவலக விண்டோஸ் 10 இல் 32 பிட் லாசரஸையே நிறுவுங்கள். 32 பிட் நிரல் இரண்டு கணினியிலும் ஓடும். தரவைச் சேமிக்க எஸ்கியூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளம் போதும். அதன் டிஎல்எல் என்ற நூலகக் கோப்பையும் 32 பிட்டாகவே எடுத்து இயக்கக் கோப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். 64 பிட் டிஎல்எல் வைத்தால் கோப்பு கண்முன்னே இருக்கும்போதே ‘ஏற்ற முடியவில்லை’ என்று வரும். பலர் அரை நாளைத் தொலைப்பது இதில்தான். உபுண்டுவுக்கு உங்கள் மடிக்கணினியிலேயே கட்டிக்கொள்ளுங்கள். ஜிடிகே 2 பழையதாகி வருகிறது, புதிய லினக்ஸ்களில் அது தானாக இருக்காது. அதனால் அங்கே கியூட் 5 ஐத் தெரிவுசெய்து, அதற்கான பஸ்கால் இணைப்பு நூலகத்தையும் சேர்த்து நிறுவுங்கள்.

சாதாரண தரத்தில் படித்த பஸ்காலுக்கும் இதற்கும் இடையில் இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது எழுத்து. லாசரஸ் எல்லாச் சரங்களையும் யூடிஎஃப் 8 என்ற யூனிகோடு வடிவத்தில் வைக்கிறது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ‘கிளிநொச்சி’ நமக்கு ஐந்து எழுத்து, யூனிகோடுக்குப் பத்துக் குறி, பஸ்காலின் நீளம் காணும் கட்டளைக்கு 30. பெயரை 20 இல் வெட்டு என்று எழுதினால் ஆறு குறியும் ஏழாவதின் மூன்றில் இரண்டும் வரும். கடைசியில் கேள்விக்குறியோ பெட்டியோ தெரியும். வெட்டவும் எண்ணவும் யூடிஎஃப் 8 க்கென்று லாசரஸிலேயே உள்ள கட்டளைகளைப் பாவியுங்கள். இடைவெளி போட்டு வரிசை நேராக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் வருவதில்லை.

இரண்டாவது பணம். விலையையும் நிறையையும் தசமத்தில் வைக்காமல் முழு எண்ணில் வையுங்கள்: நிறை கிராமில், விலை சதத்தில். கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் 68.4 கிலோ மூடைக்கு 68400 ஐ 12000 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுக்க 820800 சதம், அதாவது 8208 ரூபாய். இதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு எண்ணையும் சாதாரண இன்டிஜராக வைத்தால் 32 பிட் நிரலில் பெருக்கமும் 32 பிட்டிலேயே நடக்கும், அதன் உச்சம் 2147483647. இந்த விலையில் 178 கிலோ வரை கணக்குச் சரியாக வரும், 179 இல் உடைந்துவிடும். ஒரே தடவையில் 200 கிலோ நிறுத்தால் 24000 ரூபாய்க்குப் பதிலாகக் கழித்தல் 18949 ரூபாய் 67 சதம் என்று பற்றுச்சீட்டு வரும். உங்கள் 64 பிட் மடிக்கணினியில் சோதிக்கும்போது இது தெரியவே தெரியாது, அங்கே பெருக்கம் 64 பிட்டில் நடக்கிறது. பணமும் நிறையும் போகும் எல்லா மாறியையும் இன்ட்64 என்ற 64 பிட் முழு எண் ஆக்குங்கள், சோதனைக் காலம் முழுக்க, எண் உச்சத்தைத் தாண்டினால் பிழை காட்டும் ஓவர்ஃப்ளோ சோதனையைத் திறந்து வையுங்கள். பஸ்காலில் கரன்சி என்ற வகை இருக்கிறதே என்றால், இருக்கிறது, நான்கு தசமத்தோடு. எஸ்கியூலைட்டுக்கு அந்த வகை தெரியாது, சேமிக்கும்போது தசமமாகிவிடக்கூடும். முழு எண்ணே நிம்மதி.

விவசாயிகளின் பெயர் இன்னொரு தலையிடி. ஒரே ‘பொன்னம்பலம்’ இரண்டு விதமாகத் தரவுத்தளத்தில் உட்காரலாம். ‘பொ’ வை ஒரு விசைப்பலகை ஒகரக் குறி ஒன்றாக அனுப்பும், இன்னொன்று ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாக அனுப்பும். திரையில் வித்தியாசமே இல்லை, தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன் ஒற்றைக்கொம்பு, கால் என்று அடுத்தடுத்து வருவதை ஒகரக் குறியாகவும், இரட்டைக்கொம்பு, கால் என்று வருவதை ஓகாரக் குறியாகவும், ஒற்றைக்கொம்பு, ஔகார நீளக்குறி என்று வருவதை ஔகாரக் குறியாகவும் மாற்றுங்கள். மூன்று வரி நிரல். பழைய பெயர்ப் பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால், நம் பக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், அதை அப்படியே ஏற்றாதீர்கள். அது தமிழ் உருவம் போர்த்திய ஆங்கில எழுத்து. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே உள்ளே விடுங்கள். தட்டச்சுச் செய்கிறவர்கள் பாமினி விசை அமைப்பிலோ ரெங்கநாதன் அமைப்பிலோ தட்டலாம், அது விசைப்பலகை மென்பொருளின் வேலை. உங்கள் நிரலுக்குள் விசை அமைப்பு எழுதப் போக வேண்டாம்.

அகர வரிசையும் தானாக வராது. யூனிகோடில் ‘ன’ வுக்கு இடம் ‘ந’ வுக்கு அடுத்து, ‘ற’ வுக்கு ‘ர’ வுக்கு அடுத்து, ‘வ’ வுக்கு ‘ழ’ வுக்குப் பிறகு. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிறகு வருவதால் ‘க்’ என்பது ‘கௌ’ வுக்கும் கீழே போய்விடும். பெயரோடு சேர்த்து இன்னொரு களத்தில், நம் வரிசைப்படி எண் கொடுத்த ஒரு சாவியை வைத்து அதன்படி அடுக்குங்கள். 500 பெயர் உள்ள பட்டியலில் அலுவலகத்தார் ஆளைத் தேடுவது கண்ணால்தான், தேடற்பெட்டியால் அல்ல.

பற்றுச்சீட்டுக்கு வருவோம். மலிவு வெப்ப அச்சுப்பொறிகளின் உள்ளெழுத்தில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. எழுத்தை நேரே அனுப்பினால் குப்பைதான் வரும். விண்டோஸில் டிரைவர் வழியாக அச்சிட்டால் தமிழ் வந்துவிடும், ஆனால் தாள் நீளமும் வெட்டும் கத்தியும் ஒவ்வொரு டிரைவரிலும் ஒவ்வொரு விதம். லினக்ஸில் பலவற்றுக்கு டிரைவரே கிடைக்காது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வர வேண்டுமென்றால் பற்றுச்சீட்டைப் படமாக வரைந்து அனுப்புங்கள்.

80 மில்லிமீட்டர்த் தாளில் அச்சு விழும் அகலம் பெரும்பாலும் 72 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, ஆக 576 புள்ளி அகலம். 58 மில்லிமீட்டர்த் தாளுக்கு 384. அந்த அகலத்தில் வெள்ளைப் படம் ஒன்றை எடுத்து அதில் தமிழை 26 புள்ளி உயரத்தில் எழுதுங்கள். 20 க்குக் கீழே போனால் ‘ணை’, ‘ழு’ எல்லாம் கறுத்து அடைத்துவிடும். எழுத்தின் ஓரத்தை மழுப்பும் வசதியை நிறுத்திவிடுங்கள், வெப்பத் தாளுக்குச் சாம்பல் நிறம் கிடையாது. பிறகு எட்டுப் புள்ளியை ஒரு பைட்டாக, இடப்பக்கப் புள்ளி மேல் பிட்டில் வரும்படியும் கறுப்பு 1 ஆகும்படியும் அடையுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் போக வேண்டிய பைட்கள் 29, 118, 48, 0, பிறகு 72 (576 ஐ 8 ஆல் வகுத்தது), 0, பிறகு துண்டின் வரி எண்ணிக்கையின் கீழ் பைட், மேல் பைட். எப்சன் கட்டளை முறையைப் பின்பற்றும் அச்சுப்பொறிகள் பெரும்பாலும் இதை ஏற்கும். முழுச் சீட்டையும் ஒரே துண்டாக அனுப்பினால் சில அச்சுப்பொறிகளின் உள்நினைவு நிரம்பிப் பாதியில் நின்றுவிடும். 100 முதல் 200 வரி வரையான துண்டுகளாக வெட்டி அனுப்புங்கள்.

அச்சுப்பொறி யூஎஸ்பியாக இருக்கட்டும். பத்து சென்டிமீட்டர்ச் சீட்டு 800 வரி, வரிக்கு 72 பைட், மொத்தம் 57600 பைட். 9600 வேகத்துப் பழைய சீரியல் இணைப்பில் செக்கனுக்கு 960 பைட்தான் போகும். ஒரு சீட்டுக்கு ஒரு நிமிடம். வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும்போது அது சரிப்படாது.

எழுத்துருவை நீங்களே கொண்டுபோங்கள். விண்டோஸ் 7 இல் லதாவும் விஜயாவும் இருக்கும், நிர்மலா இருக்காது. உபுண்டுவில் வேறு. ஒவ்வொன்றிலும் அகலம் வேறு என்பதால் ஒரு கணினியில் நேராக நிற்கும் சீட்டு மற்றதில் ஓடிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழும் நோட்டோ சான்ஸ் சிங்களமும் திறந்த உரிமத்தில் உள்ளன, விற்கும் மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்கலாம். இன்னோ செட்டப் என்ற நிறுவி, உங்கள் மென்பொருளோடு எழுத்துருவையும் நிறுவிக் கொடுக்கும். திரையிலும் ஒரு கவனம்: ஆங்கிலத்தில் நாலெழுத்துப் பொத்தான் தமிழில் ‘பற்றுச்சீட்டு அச்சிடு’ ஆகும்போது மூன்று மடங்கு அகலம் கேட்கும். பொத்தான்களுக்கு அகலத்தை நிலையாக வைக்காமல் தானாக விரிய விடுங்கள்.

தராசு. நிறையைக் காட்டும் பெட்டியான காட்டியின் பின்னால் ஒன்பது முள் ஆர்எஸ் 232 வாசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதன் கைந்நூலில் உள்ள வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 9600, 8 பிட், சமநிலை இல்லை, 1 நிறுத்தப் பிட் என்பது பொதுவானது, ஆனால் எல்லாத் தராசும் அப்படியல்ல. ஒன்றும் வராவிட்டால் கேபிளில் 2 ஆம் 3 ஆம் முள் குறுக்காகப் போட வேண்டியதா, நேரானதா என்று மாற்றிப் பாருங்கள். குப்பை எழுத்து வந்தால் வேகம் பிழை. யூஎஸ்பி மாற்றிக் கேபிளில் எஃப்டிடிஐ அல்லது சிஎச் 340 சில்லு உள்ளதை வாங்குங்கள். புரோலிஃபிக் 2303 என்று விற்பவற்றில் போலிகள் உண்டு. புதிய டிரைவர் அவற்றை ஏற்காமல் சாதன மேலாளரில் ‘குறி 10’ என்று காட்டும்.

பல காட்டிகள் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நிறை நின்றுவிட்டதா, இன்னும் ஆடுகிறதா என்று சொல்லும்: எஸ்டி என்றால் நின்றது, யூஎஸ் என்றால் ஆடுகிறது. எஸ்டி வரும் வரை ‘பதிவு’ பொத்தானை மங்கலாகவே வையுங்கள். அந்தக் குறி இல்லாத தராசானால், தொடர்ந்து ஐந்து வாசிப்பு ஒன்றாக வந்த பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள். மூடையைப் போட்ட வேகத்தில் அழுத்தினால் ஏறும் நிறை விவசாயிக்கும் சரியல்ல, ஆலைக்கும் சரியல்ல.

சீரியல் வாசிப்பைத் தனி இழையில், அதாவது திரைக்குச் சமாந்தரமாக ஓடும் தனி வேலையாக, ஓட விடுங்கள், இல்லாவிட்டால் கேபிள் கழன்ற நேரத்தில் திரை முழுக்க உறைந்துவிடும். லாசரஸில் சேர்த்துப் பாவிக்கக்கூடிய சினாஸர் என்ற அலகு இதற்குப் போதும். லினக்ஸில் இழை பாவிக்க, திட்டத்தின் அலகு வரிசையில் சிதிரெட்ஸ் முதலாவதாக இருக்க வேண்டும்; மறந்தால் ஓடும்போது பிழை 232 வரும். தராசின் 232 க்கும் இந்த 232 க்கும் ஒரு தொடர்பும் இல்லை, கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். உபுண்டுவில் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். விண்டோஸில் கேபிளை வேறு யூஎஸ்பி வாசலில் செருகினால் கொம் எண் என்ற வாசல் எண் மாறிவிடும். அந்த எண்ணை நிரலுக்குள் எழுதாமல் அமைப்புத் திரையில் தெரிவுசெய்ய விடுங்கள்.

கரண்ட் போவதை முதல் நாளே கணக்கில் எடுங்கள். எஸ்கியூலைட்டை, மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் வல் முறையில் வைத்து, எழுதியது தட்டில் ஏறும் வரை காத்திருக்கச் சொல்லும் சிங்க்ரனஸ் அமைப்பை முழு என்றே விடுங்கள். வேகத்துக்காக அதைக் குறைக்கச் சொல்வார்கள். குறைத்தால் கரண்ட் போகும்போது கோப்புக் கெடாது, ஆனால் கடைசியாக எழுதிய சில பதிவுகள் போகலாம். கையில் பற்றுச்சீட்டு இருக்கும், கணினியில் பதிவு இருக்காது. மூடைக்கு ஒரு தடவை எழுதும் வேலைக்கு வேகம் ஒரு பிரச்சினையே இல்லை.

தரவுக் கோப்பைப் பகிர்ந்த கோப்புறையில் வைத்து அலுவலகக் கணினியும் அதையே திறக்க விடாதீர்கள். வலையமைப்பில் கோப்புப் பூட்டு நம்பக்கூடியதல்ல, வல் முறையோ வலையமைப்பில் வேலையே செய்யாது. தராசடிக் கணினி தன் தரவைத் தன்னிடமே வைத்திருக்கட்டும். புதிய பதிவுகளை ஒரு கோப்பாக எழுதி அலுவலகம் அதை இழுத்துக்கொள்ளட்டும். இரண்டு தராசு வந்து, மூன்றாவது ஆளும் ஒரே நேரத்தில் எழுதும் நாளில் போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய தரவுத்தளத்துக்குப் போகலாம். லாசரஸின் தரவு இணைப்பு அதற்கும் சரிவரும்.

பழைய கணினியில் இன்னொன்று. தாய்ப்பலகை பட்டரி இறந்திருந்தால் கரண்ட் போய் வந்ததும் திகதி பல வருடம் பின்னுக்குப் போகும். விலை திகதிப்படி மாறும் கொள்வனவில் அது பெரிய குழப்பம். கடைசிப் பற்றுச்சீட்டை விடப் பழைய திகதியாக இருந்தால் நிரல் திறக்காமல் மறிக்கட்டும். சிஆர் 2032 பட்டரி ஒன்றையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஈரப்பதத்தையும் மறக்காமல் ஒரு களத்தில் வையுங்கள். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீதத்துக்கு மேல் ஈரமான நெல்லை எடுப்பதில்லை. தனியார் ஆலைகள் கழிவு போட்டு எடுக்கும், அந்தக் கழிவு ஆலைக்கு ஆலை வேறு. மற்றவர்களுக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் கழிவு விதியை நிரலில் எழுதாமல் அட்டவணையில் வையுங்கள். நிறுத்த நிறை, ஈரப்பதம், கழிவு, கொடுத்த நிறை நான்கும் பற்றுச்சீட்டில் தனித்தனியாக வரட்டும். தராசடியில் வரும் சண்டையில் பாதி இந்த நான்கையும் ஒரே எண்ணாக்குவதால் வருவது.

மேக்குக்கு இப்போது எதுவும் எழுத வேண்டாம். லாசரஸ் மேக்கிலும் கட்டும்தான், ஆனால் கையொப்பமில்லாத மென்பொருளை மேக் எளிதில் திறக்க விடாது, அப்பிள் மேம்பாட்டாளர் கட்டணம் வருடத்துக்கு 99 டொலர். கொழும்பில் இருப்பவருக்கு வேண்டியது மென்பொருள் அல்ல, நாள் கணக்கு. ஒவ்வொரு மாலையும் ஒரு பிடிஎஃப், மாத முடிவில் ஒரு எக்செல் அட்டவணை அலுவலகக் கணினியிலிருந்து மின்னஞ்சலில் போனால் போதும்.

உரிமத்தில் பயமில்லை. லாசரஸின் நூலகம் திருத்திய எல்ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. மூலநிரலைக் கொடுக்காமல் விற்கலாம். பின்னாளில் பைதனுக்குப் போனால் பைசைட்டை எடுங்கள், அதே வேலையைச் செய்யும் பைகியூட்டை அல்ல. பைகியூட் ஜிபிஎல் உரிமம். விற்கும்போது மூலநிரலையும் கொடுக்க வேண்டும் அல்லது வணிக உரிமம் வாங்க வேண்டும். பைசைட் எல்ஜிபிஎல்.

லாசரஸுக்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. வேலை விளம்பரத்தில் பஸ்கால் என்று காண்பது அரிது. தமிழில் உதவி கேட்க ஆள் குறைவு, ஆங்கிலத்திலும் பைதன் அளவுக்கு இல்லை. உங்கள் நோக்கம் கொழும்பில் வேலை என்றால் இந்த ஆலோசனை உங்களுக்கு உகந்ததல்ல. ஆலை ஓட வேண்டும், அடுத்த ஆலையும் வாங்க வேண்டும் என்றால் அந்த ஆலைகளிலும் தராசடியில் இருக்கப்போவது இதே மாதிரிக் கணினிதான்.

முதல் வாரத்தில் திரை வடிவம் ஒன்றும் செய்யாதீர்கள். அந்தத் தராசடிக் கணினியில் மூன்று சின்னச் சோதனை நிரல் மட்டும் ஓட்டிப் பாருங்கள்: தராசிலிருந்து நிறை வருகிறதா, ‘கொடிகாமம் பொன்னுத்துரை’ என்று 80 மில்லிமீட்டர்த் தாளில் பிழையில்லாமல் அச்சாகிறதா, பதிவு எழுதிக்கொண்டிருக்கும்போது செருகியைப் பிடுங்கினால் தரவு மிஞ்சுகிறதா. கடைசிச் சோதனையைப் பத்துத் தடவையாவது செய்யுங்கள், அந்தக் கணினியில் உள்ள மற்றக் கோப்புகளை முதலில் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு. மூன்றும் சரி என்றால் மார்கழிக்குள் முடித்து, தை அறுவடையின் முதல் இரண்டு கிழமையும் பழைய கைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் கூடவே எழுத வையுங்கள்.